ஒருசந்தியின் கணக்கு

பத்தாம் வகுப்பு மாணவி, அயோத்தியாப்பட்டணம்

தவக்காலம் என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் நம்மில் யாரும் தடுமாற மாட்டோம். விபூதிப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாட்கள். அவற்றில் 6 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40. நம் ஆண்டவர் பாலைவனத்தில் நோன்பிருந்த நாட்களின் நினைவு அது. செபம், நோன்பு, தருமம் மூன்றும் அக்காலத்திற்குரிய கடமைகள். இப்படி ஒரே மூச்சில் ஒப்பித்து விடுவோம். நானும் ஒப்பித்து ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால், இந்த 40 நாட்களின் பாரம் வீட்டில் யார் தலையில் விழுகிறது, அதன் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு வரை நானும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது. வயதுக்கு மீறிப் பேசுகிறாள் என்று அருட்சகோதரிகளும் பெற்றோரும் எண்ணினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எங்கள் வீடு சேலத்திற்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறது. இராமபிரான் அயோத்திக்குத் திரும்பும் வழியில் இங்கே முடிசூட்டிக்கொண்டார் என்பது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வரலாறு. அதற்குச் சாட்சியாகக் கோதண்டராமர் கோவில் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்குப் புறப்படும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டிலிருந்தபடியே வெள்ளிக் கொலுசுக்கு மணி கோர்த்துக் கொடுக்கிறார். அப்பாவின் தாயார், எங்கள் ஆயா, எங்களோடு இருக்கிறார். எட்டு வயதில் ஒரு தம்பி.

தவக்காலம் எங்கள் வீட்டுக்குள் நுழைவது வாசல் நிலையின் வழியாகத்தான். முந்தைய ஆண்டு குருத்து ஞாயிறன்று கொண்டு வந்து நிலையில் செருகிய ஓலைச் சிலுவை, பழுத்துக் காய்ந்து, ஒட்டடை பிடித்திருக்கும். ஆயா அதை எடுத்துத் துடைத்து, என் கையில் கொடுத்துக் கோவிலுக்கு அனுப்புவார். அங்கே எல்லா வீட்டு ஓலைகளையும் சேர்த்து எரித்த சாம்பல்தான் விபூதிப் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. அன்று முதல் பூசையில் அல்லேலூயா இல்லை. பீடத்தில் பூ இல்லை. சுவாமியார் ஊதா உடுப்பில் வருவார். வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை. அம்மாவும் ஆயாவும் விபூதிப் புதனிலும் எல்லா வெள்ளிக்கிழமைகளிலும் ஒருசந்தி, அதாவது நண்பகலில் ஒரே வேளை உணவு.

இங்கேதான் என் முதல் கேள்வி. ஒருசந்தி இருக்கும் வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்படியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதிகாலையில் தம்பிக்கும் எனக்கும் இட்லி. அப்பாவுக்கு டிபன் கேரியரில் சோறு, குழம்பு, பொரியல். எனக்குப் பள்ளிக்குக் கட்டிக்கொடுக்க வேறொன்று. ஏனென்றால் மதியத்திற்குள் குழம்பு சோறு கசகசவென்று ஆகிவிடும் என்று நான் முகம் சுளிப்பேன். மாலையில் சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் எங்கள் மூவருக்கும் தோசை. பட்டினி கிடப்பவர் அம்மா. பசியில்லாத எங்களுக்கு மூன்று வேளையும் அடுப்பில் நின்று சமைப்பவரும் அம்மா. குழம்பு கொதிக்கும்போது, "கண்ணு, வந்து உப்புப் பாரு" என்று என்னைக் கூப்பிடுவார். ஒருசந்தி இருப்பவர் நாக்கில் வைக்கக் கூடாதல்லவா? பல ஆண்டுகளாக நான் உப்புப் பார்த்து வந்தேன். அது எனக்குக் கிடைத்த பெருமை என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. 2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எனக்கு 14 வயது நிறைந்திருந்தது. திருச்சபைச் சட்டப்படி 14 நிறைந்தவர்களுக்குத்தான் சுத்தபோசனக் கடமை. கடமை வந்துவிட்டதே என்ற உற்சாகத்தில் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, கறி வாங்காததால் எவ்வளவு மிச்சம், அதற்குப் பதிலாக என்ன வாங்கினோம் என்று எழுதி வந்தேன். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஒரு கிலோ கோழி. 230 ரூபாய் வீதம் 6 ஞாயிறுக்கு 1,380 ரூபாய் மிச்சம். இது வரவு. செலவுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கறியில்லாத ஞாயிறு வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று நான்கு முறை பன்னீர், 640 ரூபாய். காளான் ஆறு பொட்டலம், 300. கூடுதலாக வாங்கிய முட்டை, 180. சிலுவைப்பாதை முடிந்து வரும் வழியில் பேக்கரியில் தம்பிக்கும் எனக்கும் தேங்காய் பன், 145. ஆக 1,265. நாற்பது நாள் சுத்தபோசனத்தில் எங்கள் குடும்பம் மிச்சம் பிடித்தது 115 ரூபாய்!

கோவிலில் கொடுத்த காகித உண்டியலில் அப்பா 500 ரூபாய் போட்டார். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 500 எங்கள் நோன்பிலிருந்து வரவில்லை; சம்பளத்திலிருந்து வந்தது. நோன்பு ஒரு பக்கம், தருமம் ஒரு பக்கம் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே போய்விட்டன. உயிர்ப்பு ஞாயிறன்று பிரியாணிக்கு இரண்டு கிலோ ஆட்டுக்கறி வந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். பிரியாணி மிகவும் நன்றாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் சொந்தக் கணக்கு இதைவிட மோசம். நான் டீயை விட்டிருந்தேன். வகுப்பில் அதைச் சொல்லாத ஆளில்லை. விபூதிப் புதனுக்கு மறுநாள் நம் வகுப்புகளில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியும். "நீ என்ன விட்டாய்?" ஒருத்தி சாக்லேட்டு, ஒருத்தி கைபேசி விளையாட்டு, ஒருத்தி தொலைக்காட்சித் தொடர். எங்கள் பக்கத்து வரிசைத் தோழி ஒருத்தியைக் கேட்டபோது, "விடுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். நோன்பிருக்கும்போது முகத்தை வாட வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவு என்று ஆண்டவர் சொன்னதை அன்று காலைதான் நற்செய்தி வாசகத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தோம் என்றால் பொய். அது முந்தின நாள். ஒரே நாளில் மறந்திருந்தோம்.

மூன்றாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. 2025 ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. ஆயாவுக்கு அப்போது 67 வயது. சர்க்கரை நோய்க்குக் காலையில் மாத்திரை போடுகிறவர். மற்ற வெள்ளிகளில் நண்பகலில் சாப்பிட்டுவிடுவார். அன்று மட்டும், திருச்சிலுவையை முத்தமிட்ட பிறகுதான் வாயில் தண்ணீர் படும் என்று நினைத்துக்கொண்டார். எங்களிடம் சொல்லவில்லை. காலை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் சிலுவைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட்டு எழுந்தவர், ஒரு தலத்தில் எழுந்திருக்கவில்லை. எந்தத் தலம் என்று பிறகு பலர் கேட்டார்கள். ஆண்டவர் விழுந்த தலம் என்றால் கேட்பவருக்கு நன்றாயிருக்கும். உண்மையில் அது பதினொன்றாம் தலம். உடம்பெல்லாம் வேர்த்துச் சேலை நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த நர்சு அக்கா ஒருவர் ஓடி வந்து, "மாத்திரை போட்டாங்களா? சாப்பிட்டாங்களா?" என்று இரண்டே கேள்வி கேட்டார். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுமாம். ஆயா விழுங்கும் அளவுக்குத் தெளிந்ததும் குளுக்கோஸைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். கண் விழித்த ஆயா சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, என் ஒருசந்தி போச்சே!"

அம்மா அழுதார். எனக்கோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் தவக்காலத்து வார நாட்கள் எல்லாமே நோன்பு நாட்களாக இருந்தன. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையினால் கடமையான நோன்பு விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரண்டு நாட்களாகக் குறைந்தது. அந்த இரண்டு நாட்களிலும் ஒரு வேளை முழு உணவும், காலையிலும் மாலையிலும் சிறிதளவும் உண்ணலாம். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி இந்த நோன்பு 18 வயது நிறைந்தவர்களுக்கு. 59 நிறைந்து அறுபதாவது வயதில் அடியெடுத்து வைத்தவர்களுக்கு இல்லை. நோயாளிகளை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆக, சட்டப்படி எங்கள் வீட்டில் அன்று நோன்பிருக்க வேண்டியவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். அப்பா பெரிய வெள்ளியன்று மட்டும் இருந்தார். ஆயா, கடமை இல்லாத ஒன்றுக்காக உயிரைக் கொடுக்கப் பார்த்தார்.

மறுநாள் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்து இதையே அன்போடு எடுத்துச் சொன்னார். ஆயா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சட்டம் தெரியும் சாமி. ஒருசந்தி இல்லாம கோவிலுக்கு வந்தா வெறுங்கையோட வந்தாப்பல இருக்குது" என்றார். அந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் என்னிடமும் இல்லை. ஆயாவைப் போன்ற பாட்டிமார்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். "உங்களுக்கு விலக்கு உண்டு" என்று சொன்னால் அது அவர்கள் காதில், "நீங்கள் ஒதுங்கி உட்காருங்கள்" என்று கேட்கிறது. ஆகவே விலக்கு உண்டு என்று அறிவித்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. அவர்களும் சேர்ந்திருக்கக்கூடிய ஒரு நோன்பை வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

அது எப்படி என்பதற்கு வழி எனக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? 2025-இல் ரமலான் நோன்பு மார்ச்சு 2-ஆம் தேதி தொடங்கியது. நம் விபூதிப் புதன் மார்ச்சு 5. மூன்று நாள் இடைவெளியில் நானும் என் இஸ்லாமியத் தோழியும் நோன்பு தொடங்கினோம். அவள் ஒரு நாள் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தாள். பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் காய்ச்சி, நோன்பிருப்பவர், இல்லாதவர், அண்டை அயலார் என்று பாராமல் வாங்க வருபவர்க்கெல்லாம் ஊற்றுவார்களாம். பகலெல்லாம் பசித்திருந்தவர் குடிப்பதும், அடுத்த வீட்டுக் குழந்தை குடிப்பதும் ஒரே கஞ்சி! இராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் கொடுப்பதும் அப்படித்தான். வெயிலில் வந்தவருக்கெல்லாம் ஒரு டம்ளர். நீ யார் என்ற கேள்வி இல்லை.

ஒருசந்தி என்னும் சொல்லே நமக்கு மட்டும் சொந்தமானதன்று. பக்கத்து வீட்டு அக்கா புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருக்கிறார். நம் மண்ணில் நோன்பு என்றாலே ஒரு வேளை உணவுதான். இதை நன்கு அறிந்தவர் தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்த அந்த இத்தாலிய சேசுசபைக் குரு, துறவியின் காவி உடுத்து, புலால் நீக்கி, நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். 1623-இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் நம் சேலத்திற்கும் வந்தார். அதாவது நம் பகுதிக்கு வந்த முதல் குருக்களில் ஒருவர் ஆண்டு முழுவதும் ஒருசந்தி இருந்தவர். அவருக்கு இந்த ஊர் மக்களோடு சேர்ந்து வாழ ஒரு வழி தேவைப்பட்டது. தட்டிலிருந்து தொடங்கினார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

மிச்சம் பிடித்ததை இல்லாதவர்க்குக் கொடுப்பதும் நான் கண்டுபிடித்த புதுமை அன்று. ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை புனித பெரிய லியோ, நோன்பாளி உண்ணாமல் விட்டது ஏழையின் உணவாக வேண்டும் என்று போதித்திருக்கிறார். எசாயா இறைவாக்கினரின் நூலில் 58-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். சாம்பலில் உட்காருவதை விடப் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே மேலான நோன்பு என்ற பொருளில் எவ்வளவு சூடாகப் பேசுகிறார்! ஜெர்மனி நாட்டு ஆயர்கள் 1958-இல் மிசரியோர் என்ற தவக்கால நிதியைத் தொடங்கினார்கள். அதன் உதவி நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் அலன்டவுன் என்ற ஊரில் 1975-இல், ஆப்பிரிக்காவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்காகச் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதப் பெட்டியை வைத்து, எளிய உணவு உண்டு, மிச்சக் காசை அதில் போடும் வழக்கம் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. நம் நாட்டு ஆயர்கள் 1962-இல் நிறுவிய காரித்தாஸ் இந்தியாவும் தவக்காலத்தில் இவ்வாறே நிதி திரட்டுகிறது. பெட்டி நம்மிடமும் இருக்கிறது. அது சாப்பாட்டுப் பக்கத்தில் இல்லாமல் பீரோ மேல் இருப்பதுதான் குறை.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னபோது, "பொதுத் தேர்வை வைச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்றார். பத்தாம் வகுப்புக்காரர்களுக்குத் தேர்வும் தவக்காலமும் சேர்ந்தே வருவது ஒரு சோதனைதான். ஆனாலும் கேட்டுக்கொண்டார். இவ்வாண்டு எங்கள் வீட்டில் செய்திருக்கும் ஏற்பாடு இது. புதனும் வெள்ளியும் இரவில் ஒரே பானையில் கம்பங்கஞ்சி. அப்பா முதல் தம்பி வரை எல்லோருக்கும் அதுதான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அம்மா அடுப்புப் பக்கம் வரக் கூடாது; கஞ்சி காய்ச்சுவது என் வேலை, துவையல் அரைப்பது அப்பா வேலை, பாத்திரம் கழுவுவது தம்பியும் நானும். ஞாயிற்றுக்கிழமை கோழியும் இல்லை, பன்னீரும் இல்லை. அப்பா கறிக்கடைக்குப் போகும் அதே எட்டு மணிக்குத் தம்பி 240 ரூபாயைப் பெட்டியில் போட வேண்டும். விலை பத்து ரூபாய் ஏறியிருப்பதால் பெட்டிக்கும் பத்து ரூபாய் கூடுதல்.

ஆயாவை இசைய வைப்பதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று பயந்தேன். மருத்துவரிடம் கேட்டு, காலையிலும் நண்பகலிலும் அளவாக உணவு, இரவில் எங்களோடு கஞ்சி என்று சொன்னோம். ஆயா சிரித்தார். "நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப தினமும் கம்பும் ராகியுந்தான். நெல்லுச் சோறு பண்டிகைக்குத்தான். அன்னிக்கு இது எங்க சாப்பாடு. இன்னிக்கு நீ இதை நோன்புங்கிற!" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் மறுத்துவிடவில்லை. கம்பை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, எந்தப் பதத்தில் உடைப்பது, ஆறிய பிறகே மோர் ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடி அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அத்தனை பேரும் குடிப்பதையே தாமும் குடிப்பதால், தாம் ஒதுக்கப்பட்டதாக அவருக்குத் தோன்றவில்லை போலும். வெறுங்கை என்ற பேச்சை இதுவரை எடுக்கவில்லை.

மறுப்புகளும் வந்தன. கணக்கு எழுதி வைப்பது தற்பெருமை, வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்றாள் ஒரு தோழி. நல்ல மறுப்புத்தான், இரண்டு நாள் யோசித்தேன். தெருவுக்குத் தெரியக் கூடாது என்பது சரி. ஆனால் அடுப்படிக்கும் தெரியாமல் இருந்ததால்தானே சென்ற ஆண்டு பன்னீர் எங்களை ஏமாற்றியது? நோட்டை நான் யாருக்கும் காட்டுவதில்லை. இந்த மலரில் எழுதியதோடு சரி. (இதுவே பெருமைதான் என்று அவள் சொல்லக் கூடும். ஒப்புக்கொள்கிறேன்.) சித்தி வேறு விதமாகச் சொன்னார்: "ஒருசந்தி இருந்து பிள்ளைகளுக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுவதும் ஒரு தவந்தான், அதை ஏன் கெடுக்கிறாய்?" அம்மா விரும்பிச் செய்தால் அது தவம் என்பதை நானும் மறுக்கவில்லை. அம்மாவின் தவத்தில் நாங்கள் மூவரும் தோசை தின்றுகொண்டு பங்கு கேட்பதைத்தான் மறுக்கிறேன். அம்மா இன்றும் வெள்ளிக்கிழமை ஒருசந்தியை விடவில்லை. இரவுக் கஞ்சியில் ஒரு டம்ளர் மட்டும், அதுவும் ஆயா வற்புறுத்தினால், குடிக்கிறார். அது அவர் விருப்பம்.

இதை எழுதுவது தவக்காலத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை இரவு. பெட்டியில் இரண்டு ஞாயிற்றுக்கான 480 ரூபாயும், வாங்காத பன்னுக்கான 90 ரூபாயும் சேர்ந்து 570 இருக்கிறது. அப்பா அரைத்த துவையலில் இன்றும் உப்பு அதிகம். அரைக்கும்போது யாரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. தம்பி மட்டும் கஞ்சி வேண்டாமென்று அழுது புரண்டான். அவனுக்கு எட்டு வயதுதானே, சட்டமே அவனைக் கேட்கவில்லை என்று ஆயா பரிந்து பேசினார். அவனுக்கு ஒரு தோசை ஊற்றிக் கொடுத்தேன். அதைத் தின்று முடித்தவன், ஆயாவின் கிண்ணத்திலிருந்து கஞ்சியை வாங்கிக் குடித்தான்.